பூவைத் தொடாத கேதீஸ்வரி

கோப்பாயில் கேதீஸ்வரியின் தோட்டத்துக்குள் போய் ஒரு பூவைத் தொட்டுவிட்டு ஏச்சு வாங்காமல் திரும்பியவர் யாரும் இல்லை. பூவில் கை பட்டால் கொட்டிவிடும், பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று கேட்டு வளர்ந்தவள். முப்பது வருடமாக மிளகாய் வைத்துப் பேர் எடுத்தவள். அவளோடு எதிர்வாதம் பேச யாருக்கு வாய் வரும்?

போன வருடம் கிணற்றடியில் சறுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் வெடிப்பு. இனிக் குனிந்து வேலை செய்யவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். குனியாமல் என்ன தோட்டம்? “கொழும்புக்கு வாங்கோ அம்மா, என்னோடை இருங்கோ” என்று மகன் சிவகரன் ஒற்றைக்காலில் நின்றான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் நாலாம் மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு ரீவி பார்க்கிறதற்கா கேதீஸ்வரி பிறந்தாள்?

அந்த நேரத்தில்தான் விவசாயிகள் சங்கம் ஒரு பொலித்தீன் கூடாரத்தை அவளுடைய வளவில் போட்டுக் கொடுத்தது. சுற்றிவர நுண்வலை, பூச்சி புழு எட்டியும் பார்க்காது. இடுப்பு உயரத்துக்கு மேசை, மேசையில் பைகள், பைக்குப் பை சொட்டுநீர்க் குழாய். குனிய வேண்டிய வேலையே இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. மூன்று மாதத்துக்குள் காய் பிடிக்காவிட்டால் கூடாரத்தைக் கழற்றிக் கரவெட்டியில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். “காய் பிடிக்காதோ? என்னட்டையோ?” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தாள்.

உள்ளே எண்பது கறிமிளகாய்க் கண்டு வைத்தாள். மிஞ்சிய ஆறைக் கிணற்றடியில் வெறும் நிலத்தில் ஊன்றிவிட்டாள். எல்லாம் ஒன்றுபோலத் தளதளவென்று வளர்ந்து ஒன்றுபோலப் பூத்தன. பிறகுதான் கூத்து. கிணற்றடியில் அநாதையாக நின்ற ஆறும் கொத்துக் கொத்தாகக் காய்த்தன. உள்ளே ராசாத்தி மாதிரி வளர்த்தவை பூவைப் பூவாகவே கொட்டின. காலையில் மேசைக்குக் கீழே பார்த்தால் வெள்ளை வெளேரென்று கிடக்கும்.

கேதீஸ்வரி பசளையை மாற்றினாள். தண்ணீரைக் குறைத்தாள், கூட்டினாள். கண்ணூறு என்று நினைத்துக் கூடாரத்துக்குள்ளேயே ஒரு வைக்கோல் வெருளிப் பொம்மை கட்டினாள். பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். பூவில் பட்டுவிடக் கூடாதே என்று உடுத்திருந்த சோட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து நடந்தாள். பக்கத்து வீட்டு மிரியம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“அக்கா, உள்ளுக்கு ஆரை வெருட்ட வெருளி வைச்சிருக்கிறியள்? காகமே போகாது.”

“நீர் உம்மடை கோழியைப் பாரும் மிரியம்,” என்றாள் கேதீஸ்வரி. சொன்னாளே தவிர, உள்ளே போய் விரலை மடித்து நாளை எண்ணினாள். தவணை முடியப் பன்னிரண்டே நாள்.

அடுத்த நாள் காலையும் அதே வெள்ளைக் கம்பளம். வந்த கோபத்தில் வெளியே வந்து கதவைப் படாரென்று அடித்தாள். அந்தக் கதவு வந்த நாள் முதல் இறுக்கம். அடித்துச் சாத்தினால்தான் பூட்டும். அடித்த அடியில் கதவோடு ஒட்டியிருந்த முதல் மேசை அதிர்ந்தது. அதில் நின்ற நாலு கண்டிலும் பூவெல்லாம் சிலிர்த்தன. வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த நாலில் மட்டும் இலைக்கு அடியில் பச்சைப் பிஞ்சு!

கதவைத் திறந்து மீண்டும் அடித்தாள். மீண்டும் சிலிர்த்தன. திரும்பிக் கிணற்றடியைப் பார்த்தாள். காற்றில் அந்த ஆறும் ஆடிக்கொண்டு நின்றன, ஒரு தேனீ வேறு பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது. உள்ளே நிற்பவற்றை ஆட்டிவிட யார் இருக்கிறார்கள்? உடனே சங்கத்து விவசாய அலுவலர் கஜானிக்குப் போன் எடுத்தாள்.

“ஓம் அம்மா,” என்றாள் கஜானி. “உள்ளுக்குக் காத்துமில்லை, தேனீயுமில்லை. பூவுக்குள்ளை இருக்கிற தூள் ஆட்டினால்தானே உதிர்ந்து ஒட்டும். காலமை ஒன்பது மணிக்குப் பிறகு நீங்கள்தான் தட்டிவிட வேணும். பயிற்சி அண்டைக்கே சொன்னனான்.”

“சொன்னனீர் பிள்ளை. நான்தான் சின்னப்பிள்ளைக் கதை எண்டு தலையை ஆட்டிப்போட்டு விட்டிட்டன். என்னிலைதான் பிழை.”

தட்டுவது என்றால் லேசா? முதல் பூவுக்கு முன்னால் நின்றபோது கை எழவே இல்லை. முப்பது வருடத்தில் எத்தனை பேரை ஏசியிருப்பாள்! கடைசியில் தென்னோலை ஈர்க்கு ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, காம்பில் மெல்லச் சுண்டினாள். பூ விழவில்லை. அடுத்ததைச் சுண்டினாள். மூன்றாவது வரிசை முடிய ஈர்க்கையும் எறிந்துவிட்டு விரலாலேயே தட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு அதுதான் வேலை. ஐந்தாம் நாள், உதிராத பூ ஒன்றின் அடியில் மிளகளவு பச்சை தெரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மிரியம் பயந்து ஓடி வந்துவிட்டாள்.

தவணை நாளில் கஜானி பதிவுப் புத்தகத்தோடு வந்தாள். வரிசை வரிசையாக இலையை விலக்கிப் பார்த்தாள். முன் மூன்று வரிசையிலும் பிஞ்சு. கடைசி வரிசையில் அப்போதுதான் புது மொட்டு.

“கடைசி வரிசை வெறுமை பிள்ளை. ஒளிக்க ஏலாது. தட்ட முதலே எல்லாம் கொட்டிப்போட்டுது,” என்றாள் கேதீஸ்வரி.

கஜானி எழுதி முடித்துப் புத்தகத்தை மூடினாள். “காய் பிடிச்சிருக்கு அம்மா. கூடாரம் இஞ்சையே நிக்கட்டும்.”

கேதீஸ்வரி கஜானியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பின்னேரம் சிவகரன் போன் எடுத்தான். “அம்மா, ஞாயிற்றுக்கிழமை காரோடை வாறன். உடுப்புகளை அடுக்கி வையுங்கோ, திங்கக்கிழமை விடியப் புறப்படுவம்.”

“வா ராசா. வந்து சாப்பிட்டிட்டு ஆறுதலாப் போ,” என்றாள். “என்னாலை வர ஏலாது. எனக்குத் திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வேலை இருக்கு.”