புத்தூர் லைன்

திருப்பதியில் பழைய டெலிபோன்களுக்கென்று ஒரு மியூசியம் இருக்கிறது என்று மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் ஆபரேட்டராக இருந்தவள், பார்த்தால் சந்தோஷப்படுவேனாம். அவளுக்கு என்ன தெரியும்!

கறுப்பு போன்களைத் தாண்டினால் சுவரோரம் அது நின்றது. சித்தூர் எக்ஸ்சேஞ்சில் நான் உட்கார்ந்த அதே மாதிரி போர்டு. துளை துளையாகப் பலகை, கீழே துளையில் சொருகி லைன் கொடுக்கும் ஒயர்கள். 'மனங்களை இணைத்த பொற்காலம்' என்று தெலுங்கில் ஒரு அட்டை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராசுக்கு என்று அதிகாரிகள் பேசித் தீராத வருஷங்கள் அவை. புத்தூருக்கு இருந்தது ஒரே லைன். அதிகாரி கேட்டால், யார் பேசிக்கொண்டிருந்தாலும் பிடுங்கிவிட வேண்டும். ஆபரேட்டர் சொந்தப் பேச்சு பேசினால் வேலை போய்விடும். நான் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஒரு மத்தியானம் புத்தூரிலிருந்து கால். "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

"எம்மா, எம் பொண்ணு அங்கதான் ஆபரேட்டரா கீது. கொஞ்சம் கூப்டும்மா. அவங்கம்மாவுக்கு உசுரு இஸ்துக்கினு கீது..."

என் நைனா. இங்கிலீஷில் கேட்ட குரல் தன் மகளுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர், "அர்ஜென்ட் கால்! புத்தூர் லைன் இவ்வு!" என்று அதிகாரிக்கு லைன் கொடுக்கச் சொல்லித் தெலுங்கில் கத்தினார். வாயைத் திறந்தேன். மறுபடியும் "நம்பர் ப்ளீஸ்"தான் வந்தது. நைனாவின் ஒயரை நானே பிடுங்கினேன்.

அந்த லைனில் அதிகாரிகள் என்ன பேசினார்கள் தெரியுமா? எல்லையைப் பற்றி இரண்டு வாக்கியம். மிச்சமெல்லாம் மாம்பழம். எந்தத் தோப்புப் பழம் ருசி, எத்தனை கூடை அனுப்புவது என்று சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள், பாவிகள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டூட்டி முடிந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். "பாதில லைன அறுத்தாளே ஒருத்தி, அவ நல்லா இருப்பாளா?" என்று நைனா என்னிடமே கேட்டார். அவர் கண்ணை மூடும்வரை நான் சொல்லவில்லை. அந்த அதிகாரிகள் மேல் எவ்வளவு கோபமோ, அதற்குக் குறையாமல் என் மேலும் கோபம். இன்றுவரை ஆறவில்லை.

மியூசியத்துப் பெண் என் தலையில் ஹெட்போனை மாட்டி, ஒயரைக் கையில் கொடுத்தாள். "பேசிப் பாருங்கம்மா."

சொருகினேன். "நைனா, நான்தான் அது" என்றேன்.

"அப்டி இல்லம்மா. மொதல்ல 'நம்பர் ப்ளீஸ்'னு சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே திருத்தினாள்.

"வாய மூடு!" என்று கத்தினேன். அன்றைக்குச் சூப்பர்வைசரிடம் கத்தியிருக்க வேண்டியது.