பின்பக்கமாகப் பறந்த புறா

எண்பத்து நாலாம் வருஷம் ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளாவில் வேலை போனவர்களை எண்ணுவதைவிட வேலை இருந்தவர்களை எண்ணுவது சுலபம். நான் இரும்பாலையில் ஃபிட்டராக இருந்து வெளியே அனுப்பப்பட்டவன். வெலிகா பதினாலு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் இலவச வகுப்பு நடந்தது. சமையல், முடிதிருத்தல், கம்ப்யூட்டர், மூன்றில் ஒன்று.

"சமைச்சு சமைச்சு சலிச்சுப் போச்சு. அடுத்தவங்க தலைமுடியத் தொட எனக்குக் குமட்டும்" என்று சொல்லி வெலிகா மூன்றாவதில் டிக் அடித்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மாசிடோனியாவிலிருந்து இருபது வயதில் வந்தவள்.

இரண்டு பேருக்கு ஒரு திரை. எனக்கு ஜோடி அவள்தான். எங்கள் டீச்சர் ஃபிலிப்பாவுக்கு இருபத்தேழு வயதுதான். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிற சி மொழியை, நின்ற இடத்தில் நிற்காமல் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் திரையில் ஒரு வரியை வரவழைக்க வேண்டும். "நௌம், காபி போடு" என்று கணவன் பெயரைப் போட்டு எழுதினாள் வெலிகா. வரவில்லை. வரி முடிவில் அரைப்புள்ளி வைக்க மறந்திருந்தாள்.

"நூல் முனையில முடிச்சுப் போடாம விட்ட மாதிரி!" என்று தலையில் தட்டிக்கொண்டு அதை வைத்தாள். வந்தது. அந்த ஒரு வரிக்கு அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்திரிக்கோலோடு ஓடிவந்தார்கள்.

மூன்றாம் வாரம் ஃபிலிப்பா, "உங்களுக்கு உபயோகமா எதையாவது எழுதிட்டு வாங்க" என்றார். நான் காலண்டர் எழுதலாம் என்று நினைத்தேன். வெலிகா புறாவைக் கொண்டுவந்தாள்.

நௌம் பந்தயப் புறா வளர்ப்பவன். புறாச் சங்கத்துக்காரர்கள் எல்லோருடைய புறாக்களையும் பாரடைன் ஊரில் ஒரே நேரத்தில் திறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் அதனதன் கூட்டுக்குப் பறந்து வரும். வந்ததும் காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டிக்குள் போட்டால் நேரம் பதிவாகும். கூட்டுக்குக் கூடு தூரம் வேறுபடுவதால், நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் பறந்தது என்று வகுத்துப் பார்த்துத்தான் ஜெயித்தது யார் என்று சொல்ல முடியும். சங்கத் தலைவர் மெர்வ் பென்சிலோடு உட்கார்ந்தால் முடிவு ஞாயிற்றுக்கிழமைதான் வரும். சண்டை புதன்கிழமைவரை போகும்.

"வகுக்கிறதுதானே? இந்தப் பொட்டி வகுக்கட்டும்" என்றாள் வெலிகா.

எழுதினாள். பழைய பந்தயத்தின் தூரத்தைக் கொடுத்தாள், 428150 மீட்டர். நேரம் 360 நிமிஷம். திரையில் மைனஸ் 85 என்று வந்தது.

"வெலிகா, உன் புறா பின்பக்கமா பறக்குது" என்றேன். "திரும்ப பாரடைனுக்கே போயிடுச்சு போல."

வகுப்பே சிரித்தது. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபிலிப்பா, இங்க வாங்க. ஏன் இப்படி?" என்று கேட்டாள்.

"முழு எண்ணுக்கு இன்ட்னு சொன்னா இந்த மெஷின் சின்ன டப்பாதான் தரும். அதுல முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்வரைதான் பிடிக்கும். நீங்க நாலு லட்சத்தைத் திணிச்சீங்க, பிதுங்கிடுச்சு. லாங்னு கேளுங்க, பெரிய டப்பா கிடைக்கும்."

லாங் என்று மாற்றினாள். புறா முன்னால் பறந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம் ஃபிலிப்பா எங்களுக்காக அறையைத் திறந்துவிட்டுப் போனார். பந்தயம் முடிந்த கையோடு சங்கத்துக்காரர்கள் ஆறு பேரும், ஸ்வெட்டரில் இறகு ஒட்டியபடி, வெலிகாவின் நாற்காலிக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். நௌமின் புறா 5 மணி 56 நிமிஷம் 47 விநாடியில் வந்திருந்தது. இன்னொரு சங்கத்துக்காரன் கார்மேலோவுடையது 33 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது, ஆனால் அவன் கூடு பாரடைனிலிருந்து 870 மீட்டர் அதிகத் தூரம். நான் எண்களைப் படிக்க, அவள் தட்டினாள்.

நௌம் 1200. கார்மேலோ 1200.

"சமம்!" என்றார் மெர்வ். "கோப்பைய ஆளுக்கு ஆறு மாசம் வச்சுக்குங்கப்பா."

"என்னது சமமா? என் புறா மூச்சு வாங்கி ஆறின பிறகுதான் அவன் புறாவே வந்துது" என்று நௌம் குதித்தான்.

"உன் புறா நொண்டினாலும் முதல்ல வரும், உன் கூடு கிட்டக்க இருக்கே!" என்றான் கார்மேலோ.

"கொஞ்சம் வாய மூடுங்க ரெண்டு பேரும்" என்றாள் வெலிகா. திரையையே பார்த்தாள். "மெர்வ், நீங்க பென்சில்ல போடும்போது புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு இலக்கம் வருமே? அது எங்க?"

அவள் நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"முழு எண்ண முழு எண்ணால வகுத்தா, மிச்சத்தத் தூக்கிப் போட்டுடும்! ஐயோ, ரெண்டு புறாவோட வாலையும் வெட்டிட்டேன்!"

வேகத்துக்கு, புள்ளி வைத்த எண் பிடிக்கிற ஃப்ளோட் என்ற வேறு டப்பா கேட்டாள். வகுக்கும் எண்ணையும் அதேபோல் மாற்றினாள். அவசரத்தில் இரண்டு முறை அழித்து எழுதினாள். கம்ப்யூட்டர் யோசிக்கிற அந்த அரை நிமிஷமும் அத்தனை பேரும் திரையை நோக்கிக் கழுத்தை நீட்டினோம்.

நௌம் 1200.03. கார்மேலோ 1200.62.

கார்மேலோ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். நான் புறாவே வளர்க்காதவன். நௌம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"வெலிகா… முன்னாடி எழுதினது இருக்கா? அதையே திரும்பப் போட முடியுமா?"

மற்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மெர்வ் பென்சிலால் போட்டுப் பார்த்தார். நாற்பது நிமிஷம் ஆனது. அதே எண்கள்.

"வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்றான் நௌம். ஆனால் கார்மேலோ வீட்டில் ஒயின் ஊற்றியதும், "கோப்பை போனா போகட்டும். தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சது யாரு? என் பொண்டாட்டி!" என்று எல்லோரிடமும் சொன்னவனும் அவன்தான்.

திங்கட்கிழமை ஃபிலிப்பா நட்சத்திரக் குறியைப் பலகையில் எழுதி, இதுதான் பாயின்டர், டப்பாவுக்குள் இருப்பதைச் சொல்லாது, டப்பா எங்கே இருக்கிறது என்று சொல்லும் என்றார். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பாதி வகுப்பு திரும்பவில்லை. நானும்தான். வெலிகா போய் உட்கார்ந்தாள். அந்தப் பருவம் முழுக்கச் சங்கத்தின் முடிவுகள் சனிக்கிழமை மாலையே வந்தன. அடுத்த வருஷம் அதே அறைக்கு அவளை உதவியாளராக வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நான் பஸ் ஓட்டுகிறேன். எப்போதாவது வெலிகா என் பஸ்ஸில் ஏறினால், டிக்கெட் வாங்குவதற்கு முன்பே அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "காலின், வகுப்புக்கு வாப்பா! பாயின்டர் ஒண்ணும் கடிக்காது" என்பாள்.

போன செவ்வாய்க்கிழமை போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன்.