யோகேஸ்வரியின் வெறும் நெற்றி

தலவாக்கலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யோகேஸ்வரி எனக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கிறாள். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. பயப்படுவதில் அதைவிடக் கெட்டிக்காரி. புருஷன் வீரபத்திரன் கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறார். அவர் ஏறும் உயரம் கூடக் கூட, இவளுடைய ஸ்டிக்கர் பொட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

போன மழைக்காலத்தில் பொட்டு வைக்கும் இடம் அரித்து, தடித்து, நீர் வடிந்தது. தலையில் மாட்டும் கொழுந்துக் கூடையின் கயிறு உரசுகிறது என்றோம். கயிற்றுக்கு அடியில் துணி வைத்தும் ஆறவில்லை. வருஷக்கணக்காக ஒட்டும் பொட்டை யார் சந்தேகப்படுவார்கள்? அவளுக்கோ வேறு பயம்.

"பொட்டு வைக்கிற எடத்துலயே புண்ணு வருதே அக்கா. அவருக்கு என்னமோ வரப்போவுது."

புண்ணின் மேலேயே இன்னும் பெரிய பொட்டாக ஒட்டினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இமைவரை வீங்கிய அன்று அவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, டாக்டரம்மா அவள் முதுகில் சில மருந்துகளையும் பொட்டுப் பசையையும் ஒட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது, பசை இருந்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"ஒடம்புக்குக் காவலா டி செல்லுனு இருக்காம். ஒரு பொருள எதிரினு குறிச்சுக்கிட்டா மறக்காதாம். அது மறுபடி பட்டா, கூட்டம் சேத்துக்கிட்டு வர ரெண்டு நா ஆவுமாம். எலிக்கும் இப்பிடித்தான் வருதாம், சோதிச்சுப் பாத்திருக்காங்க."

"எலிக்கு ஏது அக்கா புருஷன்?"

டாக்டரம்மாவே பொட்டை எடுத்துப் போட்டார். ஆறும்வரை குங்குமமும் கூடாதென்றார்.

பஸ்ஸில் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டே வந்தாள். லயத்து வாசலில் நின்ற எதிர்க் காம்பராப் பூரணி வெறும் நெற்றியைப் பார்த்ததும், "ஐயோ, அண்ணனுக்கு என்னாச்சு?" என்று அழத் தொடங்கிவிட்டாள். வீரபத்திரனுக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டி செல்லை விளக்கிய நானே மறுபடி மறுபடி எண்ணை அழுத்தினேன்.

பொழுது சாயும் நேரத்தில் அவரே கூப்பிட்டார். அவளுக்குப் போனைத் தொடப் பயம், நான்தான் எடுத்தேன்.

"சாரத்துல நின்னேங்க அக்கா. போனு கீழ இருந்துச்சு."

போனை அவளிடம் கொடுத்தேன்.

"எறங்கிட்டீங்களா?" என்றாள்.

"எறங்கிட்டேன். நாளைக்கு இன்னும் ஒரு மாடி ஏறணும்."

போனை வைத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நாளைக்கு ஒருநா மட்டும் ஒட்டிக்கிறேனே. புண்ணு வர ரெண்டு நா ஆவும்தானே? அதுக்குள்ள அவரு எறங்கிடுவாரு."