என் கழுத்தில் ஒரு மாலை

சுனாமிக் கடல் வந்துபோய் ஒரு வருடம் ஆன வேளையில், ஆரையம்பதி பஸ் தரிப்பிடத்துச் சுவரில் என் முகத்தைக் கண்டேன். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. நடுவில் நான்: பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல், சிரிக்க வேண்டாம் என்று ஸ்டூடியோக்காரர் அதட்டியதால் இறுகிப்போன உதடு. கீழே இருந்த பெயர் என்னுடையதல்ல. ஊர் பெரியகல்லாறு என்றிருந்தது. நான் சித்தாண்டிக்காரி.

பஸ் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. என் பக்கத்தில் இருந்த மனிசி சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார். பிறகு மெல்ல என் கையைப் பிடித்து, கூடப்பிறந்தவளா என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அது நான்தான், உயிரோடுதான் இருக்கிறேன் என்றால் அந்த மனிசி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியிருப்பார்.

அந்தப் பெயருக்குரியவளை எனக்குக் கொஞ்சம் தெரியும். கம்பஸில் என்னோடு ஒரே வருடத்தில் சேர்ந்தவள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவளைக் கடல் கொண்டுபோயிற்று. உடல் கிடைக்கவில்லை. வீடும் அலுமாரியும் அல்பமும் சேர்ந்து போனதால், அவள் இருந்தாள் என்று காட்ட ஒரு படம்கூட மிஞ்சவில்லை. ஆண்டு நினைவுக்கு ஏதாவது செய்ய நினைத்த சக மாணவர்கள் கம்பஸ் நிர்வாகக் கந்தோருக்குப் போய், அவளுடைய விபரக் கோவையில் ஒட்டியிருந்த படத்தை வாங்கி அச்சடித்திருக்கிறார்கள். அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தாயிடமும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் நல்ல மனதோடு செய்ததுதான்.

பிழை கோவைகளில் நடந்திருந்தது. எங்கள் வருடத்துக் கோவைகளை விடுதி இடம் ஒதுக்குவதற்காகக் கடற்கரைப் பக்கத்துக் கட்டடம் ஒன்றுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கடல் அதற்குள்ளும் புகுந்தது. ஊறிப்போன தாள்களை மண்டபத்து மேசைகளில் பரப்பியும், பசை விட்டு உதிர்ந்த படங்களைத் தனியாகத் தென்னோலைக் கிடுகில் போட்டும் காயவைத்ததை நானே பார்த்தேன். ஈரத்தில் எல்லா முகமும் ஊதியிருந்தது. எல்லோருக்கும் அதே வெள்ளைச் சட்டை, அதே பின்னல். மண்டபத்தைக் கடந்து போகும்போது அத்தனை பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பது போல இருக்கும். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டேன். காய்ந்த பிறகு யாரோ உத்தேசமாக ஒட்டி முடித்துவிட்டார்கள்.

சுவரில் என்னைக் கண்ட மறுநாளே கந்தோருக்குப் போனேன். என் கோவையைக் காட்டுங்கள், படம் மாறியிருக்கிறது என்று சொன்னேன். கிளாக்கர் நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் என்றால் தேவாரம் ஓதுவது போல ஓதுவார்.

“தங்கச்சி, அது உங்களப் பத்தின பைல். உங்கட பைல் இல்ல. கம்பஸ்ட பைல். மாணவர் ஆருக்கும் காட்டேலாது.”

என் படத்தைச் சுவரில் ஒட்டக் கொடுத்தீர்களே என்று கேட்டேன். அது இறந்தவரின் படம் என்றார். இறந்தவர் நான்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையைப் புரட்டியிருப்பேன்.

என் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய கலக்கம். உயிரோடு இருக்கிறவளுக்கு மாலை போட்டு விளக்கு வைத்தால் என்னாகும் என்று புலம்பி, முருகன் கோயிலில் என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்தார். பிறகு, போய் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு வா என்று என்னைப் பெரியகல்லாற்றுக்கு அனுப்பினார்.

அங்கே தகரம் போட்ட தற்காலிக வீடு. வாசலில் என்னைக் கண்டதும் அவளுடைய தாய் திரும்பி உள்சுவரைப் பார்த்தார். அங்கே நான் பெரிதாக, பிளாஸ்டிக் மாலையோடு, காலடியில் எரியும் சின்ன விளக்கோடு இருந்தேன். என்னைவிட அந்தப் படம் அந்த வீட்டுக்குப் பழகியிருந்தது. அவர் பாயை விரித்தார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

“அது என்ட புள்ள இல்லயெண்டு எனக்குத் தெரியும் மகள். பெத்தவளுக்குத் தெரியாதா? விளக்கு வைக்க ஒரு முகம் வேணும்தானே.”

தருவீர்களா என்று கேட்க வந்ததை விட்டுவிட்டேன். அவரே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“உன்ட படம் இங்க வந்திட்டு. அப்ப என்ட புள்ளட படம் எங்க?”

அது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. என் முகம் அவளுடைய கோவைக்குப் போயிருந்தால், அவளுடைய முகம் என் கோவைக்குள் இருக்க வேண்டும். உலகத்தில் மிஞ்சிய ஒரே படம் என் பெயருக்குக் கீழே, நான் திறக்கக்கூடாத அலுமாரிக்குள். பார்த்து எடுத்துத் தருகிறேன் என்று அந்தத் தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கந்தோருக்கு நான் நடந்த நடை சொல்லி முடியாது. எழுதிக் கொடுத்தேன், பதிவாளரைக் கண்டேன், அழுதும் பார்த்தேன். எந்தக் கதவும் திறக்கவில்லை. இதற்கிடையில் எங்கள் பக்கத்தில் மறுபடியும் சண்டை மூண்டது. சனம் இடம்பெயர்ந்தது, கம்பஸ் மூடித் திறந்து மூடியது. இளசுகள் காணாமல் போனார்கள். எங்களுடைய விபரங்களைச் சிவில் உடுப்பில் படையினர் வந்து அள்ளிக்கொண்டு போனதாகக் கதை அடிபட்டது. அப்படியா என்று கேட்டபோது கிளாக்கர் என் முகத்தைப் பார்க்காமல், எதுவும் வெளியே போகாது என்றார்.

வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த மாதங்களில் ஒரு காலை படையினர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, சிலரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். என் பெயரும் வந்தது. எழுந்து மேசையடிக்குப் போனேன். அதிகாரி ஒரு தாளைக் கையில் வைத்திருந்தார். ஓரத்தில் கடல்தண்ணி ஊறிக் காய்ந்த பழுப்புக் கோடு. என் பெயர், அப்பாவின் பெயர், எங்கள் வீட்டு விலாசம், நான் எடுத்த புள்ளிகள். எனக்குக் காட்டமாட்டோம் என்ற தாளை நான் முதல்முறையாகப் பார்த்தது அங்கேதான். அதில் ஒட்டியிருந்த முகம் அவளுடையது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பயத்துக்கு முன்னால் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கண்டுபிடித்துவிட்டேன்!

பயம் பிறகு வந்தது. அடையாள அட்டையில் ஒரு முகம், கம்பஸ் தாளில் வேறு முகம், இரண்டுக்கும் ஒரே பெயர். இதில் ஒன்று கள்ளம், நீ யார் என்று கேட்டார்கள். மொழிபெயர்க்க நின்ற எங்கள் ஆளிடம் கடல், கோவை, பசை என்று எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சி யார் என்றார்கள். அப்பா கந்தோருக்கு ஓடினார். கிளாக்கர் வர மறுத்துவிட்டார். அப்பா பெரியகல்லாற்றுக்குப் போனார்.

பின்னேரம் அந்தத் தாய் வந்தார். அவசரத்தில் சட்டத்தோடு படத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சேலையால் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்து விரித்தபோது மாலையும் அப்படியே இருந்தது. மொழிபெயர்ப்பவர் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒரு எட்டுப் பின்னால் போனார்.

“இது இந்தப் புள்ளட படம். கம்பஸால மாறித் தந்தது. இவ உயிரோட நிக்கிறா, பாருங்க.”

அதிகாரி தாளை அவர் பக்கம் திருப்பி, அப்படியானால் இது யார் என்று கேட்பித்தார். தாய் குனிந்தார். விரலை நீட்டினார், ஆனால் படத்தில் தொடவில்லை.

“இதான் என்ட மகள்.”

அவர் அழவில்லை. என்னை விடச் சொல்லி அதிகாரி எழுதி முடிக்கும்வரை, கண்ணை மூடினால் அழிந்துவிடும் என்பது போலப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, அந்த முகத்தை மட்டும் வெட்டித் தருவீர்களா என்று கேட்டார். பதில் மொழிபெயர்த்து வந்தது: இது பல்கலைக்கழகத்தின் இரகசிய ஆவணம், வெளியாருக்குக் கொடுக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா என் கையை இறுக்கிப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

போர் முடிந்தது. பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோது கோவை இல்லை என்றார்கள். யார் எடுத்தது, எங்கே போனது என்று எந்தப் பதிவும் இல்லை. கிளாக்கர் புதிய படம் ஒன்றைக் கேட்டு, புதிய கோவை திறந்து, இம்முறை நான் பார்க்கப் பார்க்க என் முகத்தை ஒட்டினார். சரிதானே தங்கச்சி என்றார். எனக்குச் சரி. அந்தத் தாளோடு அவளும் போய்விட்டாள். எங்காவது ஒரு முகாமின் பெட்டிக்குள் என் பெயரோடு கிடப்பாள்.

இப்போதும் பெரியகல்லாற்றுக்குப் போய்வருகிறேன். வீடு கல்வீடாகிவிட்டது, படம் நடுச்சுவருக்கு வந்துவிட்டது. நான் வருகிறேன் என்று தெரிந்தால் தாய் முன்கூட்டியே மாலையைக் கழற்றி வைத்துவிடுவார். வாழ வேண்டிய பிள்ளையின் கண்ணில் அது படக்கூடாது என்பார். நாங்கள் சாப்பிடுவோம், கதைப்போம். நான் ஒருநாளும் படத்தைக் கேட்கவில்லை. வெளிக்கிட்டால் வாசல் படலை தாண்டும்வரை திரும்பிப் பார்க்கமாட்டேன்.

ஒருமுறை குடையை விட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் கதிரையில் ஏறி நின்று, என் கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டிருந்தார்.