பேசாமல் நடித்த ஆறு வருஷம்

அந்தக் கடைக்கு வாசலில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அது அக்கா தங்கச்சி கடைதான். முன்னறையில் சின்னவள் கண் பரிசோதிப்பாள். பின்னறையில் பெரியவள் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். இடைச்சுவரில் இருந்த சிறு ஜன்னல் வழியாகச் சின்னவள் பவர் எழுதிய சீட்டை நீட்டுவாள். பெரியவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்குவாள். இருபத்திரண்டு வருஷமாக நடப்பது இதுதான். கடைசி நாலு வருஷமாக நடப்பது இது மட்டும்தான்.

வந்துபோகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "இந்த ஃபிரேமுக்கு மெல்லிசு லென்ஸ் நிக்குமா?" என்று சின்னவள் சுவரைப் பார்த்துக் கேட்பாள். "நிக்கும்" என்று இயந்திரத்தைப் பார்த்துப் பதில் வரும். ஒரு கண்ணாடிகூடக் கோணலாகப் போனதில்லை.

பெரியவளுக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அப்பா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவள்தான். அவள் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். "எங்கக்கா சொல்லிட்டா மெஷினே மறுபேச்சுப் பேசாது" என்று சின்னவள் கேலி செய்வாள். அதெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

பிணக்கு அம்மாவால் வந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மா கொஞ்சம் தேறியது போலத் தெரிந்தது. புது இயந்திரத்தைப் பழகிக்கொள்ளப் பெரியவள் வெளியூர் போனாள். ஐந்தே நாள். அதற்குள் சின்னவள் கையெழுத்துப் போட்டு அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள். நாலாம் நாள் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஓடிவந்த பெரியவள் வாசற்படியில் நின்று, "கொன்னுட்டியேடி" என்றாள். சின்னவள் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அடைத்த வாய் அடைத்ததுதான்.

சின்ன வயதில் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்தது ஒரு தொலைக்காட்சி நாடகம். 'லிஃப்ட் ரிப்பேர்' என்று பெயர். லிஃப்ட் ஓடாத ஐந்து மாடிக் கட்டடம்; மூன்றாம் மாடி டீச்சரும் நாலாம் மாடி வக்கீலும் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டே சண்டை போடுவார்கள். வக்கீல் தோற்கும்போதெல்லாம், "நீங்க ஏறுங்க, நான் மூச்சை வாங்கிட்டு வரேன்" என்பார். ஊரே சிரிக்கும். நாடகம் நின்று இருபத்தைந்து வருஷமாகியும் அதற்கு ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு மாலை டிரைவிங் ஸ்கூல் மாடியில் கூடுவார்கள். சண்டைக்குப் பிறகு சின்னவள் அங்கே வருவதை நிறுத்திக்கொண்டாள். பெரியவள் மட்டும் போய்வந்தாள்.

பிணக்கு வந்த நாலாம் வருஷம் நாடகத்தைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர், படப்பிடிப்பில் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்த அம்மாள். அதில் ஒரு சங்கதி எல்லோர் தலையிலும் இடியாக விழுந்தது. டீச்சராகவும் வக்கீலாகவும் நடித்த இருவரும் கடைசி ஆறு வருஷம் கேமராவுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லையாம். ஏனென்று அந்த அம்மாளுக்கே தெரியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. 'முந்தாதே', 'ஒலி எழுப்பாதே' என்ற போக்குவரத்துப் படங்களுக்குக் கீழே பெரியவள் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் தொடங்கும் நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு சின்னவள் உள்ளே வந்தாள். கையில் அதே புத்தகம். எதிர்க்கோடியில் போய் உட்கார்ந்தாள்.

பஸ் கண்டக்டர் ஒருவர்தான் முதலில் பொங்கினார். "இருபது வருஷமா என் பொண்டாட்டிகிட்ட அவங்களைக் காட்டித்தாங்க, பாரு, சண்டை போட்டாலும் எவ்வளவு பாசம்னு சொல்லிட்டிருந்தேன். இப்ப எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?"

"நீங்க சொல்லலைன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"புத்தகமே அவதாங்க வாங்கித் தந்தா!"

கூட்டம் சிரித்தது. பெரியவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். வழக்கமாக அங்கே வாய் திறக்காதவள்.

"இதுல ஏமாத்து என்ன இருக்கு? பேசலைன்னாலும் ரெண்டு பேரும் நேரத்துக்கு வந்தாங்க. ஒருத்தர் வசனத்தை இன்னொருத்தர் தவறவிட்டதில்லை. அவங்க வேலை சுத்தமா இருந்துச்சு. அதுக்கு மேல ஒருத்தர்கிட்ட என்ன எதிர்பாக்க முடியும்?"

"அது போதாது" என்றது எதிர்க்கோடியிலிருந்து ஒரு குரல்.

பெரியவள் திரும்பினாள். நாலு வருஷத்தில் சின்னவள் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

"கடைசி அத்தியாயத்தை நீ படிச்சியா இல்லையா?" என்றாள் சின்னவள். "கடைசி நாள் படப்பிடிப்பு முடிஞ்சு அந்த ஆளு டீச்சரோட அறை வாசல்ல ஒரு மணி நேரம் நின்னிருக்காரு. அந்தம்மா பின்வாசல் வழியா எப்பவோ போயாச்சு. வேலை சுத்தமா இருந்தா அவரு ஏன் அங்க நிக்கணும்?"

"நின்னவரு கதவைத் தட்டியிருக்கலாமே!"

"தட்டுனா திறக்குற ஆளா அவங்க? ஒரு தடவை முடிவு பண்ணிட்டா பண்ணினதுதானே?"

"அவங்க என்ன முடிவு பண்ணாங்கன்னு உனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

கண்டக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் மெல்ல, "டீ சாப்பிட்டுட்டுத் தொடரலாமா?" என்றார். பெரியவள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். சின்னவள் பின்னாலேயே போனாள்.

தெருவில் பயிற்சி வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. கடைசி வண்டியருகே பெரியவள் நின்றாள்.

"எல்லார் முன்னாலயும் என்னை மடக்கிட்டே. இப்ப திருப்தியா?"

"நான் புத்தகத்தைப் பத்தித்தானே பேசினேன்."

"நடிக்காதே. எனக்கு ஒரு ஃபோன் பண்ண உனக்கு நாலு நாள் இருந்துச்சு. நாலு முழு நாள்! ஏன் பண்ணலை?"

சின்னவள் புத்தகத்தின் அட்டையை நகத்தால் கீறினாள். பிறகு சொன்னாள்.

"அம்மாதான் வேண்டாம்னாங்க."

"என்ன?"

"'அவளுக்குச் சொல்லாதே. சொன்னா ஓடி வந்துடுவா, வந்தா மறுபடியும் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவா, எனக்கு இனிமே அந்தக் குழாயெல்லாம் தாங்காது'ன்னாங்க. என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. நீ வாசல்ல நின்னு அப்படிக் கேட்டப்ப நான் இதைச் சொல்லியிருக்கணுமா? அம்மா உன்னைக் கண்டு பயந்தாங்கன்னு சொல்லணுமா?"

பெரியவள் வாய் திறந்தாள். பொய் என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் அது பொய்யில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவள் வந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். டாக்டரைச் சத்தம் போட்டு, ஆம்புலன்ஸை வரவழைத்து, அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்ட ஆட்ட ஏற்றியிருப்பாள். அன்பினால்தான். நடைபாதையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த நாலு நாளும் கடையில் முன்னைவிட மௌனம். முன்பு கோபத்தில் பேசாதிருந்த பெரியவள் இப்போது வெட்கத்தில் பேசாதிருந்தாள். இரண்டு லென்ஸ்களின் விளிம்பை உடைத்தாள். அவள் கையில் லென்ஸ் உடைந்து யாரும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகல் அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முன்னறைக்கு வந்தாள். சின்னவள் பரிசோதனைக் கண்ணாடிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாலு நாள்ல அம்மாவுக்கு வலி இருந்துச்சா?"

சின்னவள் துணியைக் கீழே வைத்தாள். "முதல் ராத்திரி இருந்துச்சு. அப்புறம் இல்லை. உக்காருக்கா, சொல்றேன். நிறைய இருக்கு."

நோயாளிகள் உட்காரும் உயரமான நாற்காலியில் பெரியவள் ஏறி உட்கார்ந்தாள். சின்னவள் போய்க் கதவைத் தாழிட்டு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவை வண்டியில் ஏற்றியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மூன்று மணிக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒருவர் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, யாரும் திறக்கவில்லை. நாளைக்கு வரலாம் என்று அவர் திரும்பிப் போனார்.