இடது பக்கம் இரண்டு விரல்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். நடந்தது என் அக்கா வீட்டுக்காரருக்கு. அத்தான் இருபத்தாறு வருடமாக மெக்கானிக். பேய் என்றால் சிரிக்கிற மனிதர். அக்காவைத் தவிர எதற்கும் பயப்பட மாட்டார்.

அவர் மகளுக்குத் தலைப்பிரசவம், ஆபரேஷன். திங்கட்கிழமை காலை தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். தையல் போட்ட வயிறு, பிறந்து ஐந்து நாளான குழந்தை. வண்டி குலுங்கவே கூடாது. மூன்று மாதம் முன் வாங்கிய பழைய கார் அது, பள்ளம் கண்டால் தூக்கிப் போடும். அதனால் பின்பக்க ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் மாற்ற ஞாயிறு காலையே ஷெட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மதியம் 2.40. புதுசு மாட்டி, ஜாக்கை இறக்கியாகிவிட்டது. அடி போல்ட்டுகளை இறுக்குவது மட்டும் பாக்கி. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக் கிழிந்துவிடும். வண்டியில் பாரம் ஏற, பின்சீட்டில் ஓர் ஆளை உட்கார வைத்துத்தான் அத்தான் இறுக்குவார்.

காருக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கி, வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

"இந்தா, வந்து பின்சீட்ல கொஞ்சம் உக்காரு."

 செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கதவு மட்டும் திறந்தது. டக்… மூடியது. இடது பக்கம் மெல்ல இறங்கியது.

"இன்னைக்கு நல்லா சாப்பிட்ட போல!"

ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பித் தருகிறவள் அக்கா. அன்று வாயே திறக்கவில்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போல்ட்டுகளை இறுக்கினார்.

2.52. பாக்கெட்டில் போன் அடித்தது. அக்கா.

"பொண்ணுக்குச் சாப்பாடு குடுத்தாச்சு. குழந்தை தூங்குது."

"நீ எங்க இருக்க?"

"ஆஸ்பத்திரியிலதான். ரெண்டு மணிக்கே கிளம்பிட்டேனே."

தலைக்கு மேல்… கிரீச்.

யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

புது ஸ்பிரிங். சத்தமே வரக் கூடாது.

கிரீச்…

குழியை விட்டு எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.  பின்சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட்டின் இடது பக்கம் பள்ளமாக அமுங்கியிருந்தது. சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தார். வலது பக்கம் நான்கு விரல். இடது பக்கம் இரண்டு.

அந்தக் காரில் பிள்ளையை ஏற்றவே கூடாது என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். திங்கள் காலை 10.10க்கு ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினார்கள். முன்னால் அத்தான். பின்னால் வலது பக்கம் மகள், மடியில் குழந்தை. பக்கத்து இடம் காலி; அக்கா ஆரத்தி கரைக்க முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள்.

டிரைவர் வழியில் இரண்டு முறை நிறுத்தினார்.

"இடது பின் டயர்ல காத்து இல்லையோ? ரொம்ப இறங்கியிருக்கு."

காற்று சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் ஷெட்டுக்கு ஓடினார். பழைய கார் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. காரை விற்றவருக்குப் போன் போட்டார். பின்சீட்டின் இடது பக்கம் யார் உட்காருவார்கள் என்று கேட்டதும் அந்த ஆள் சொன்னார்.

"என் பொண்டாட்டி உசுரு அந்த சீட்லதாங்க போச்சு. பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போற வழியில… வயித்துல இருந்ததும் தங்கல."

எட்டு மாதம் ஆகிறது. காரை உடைக்கக் கொடுத்தாகிவிட்டது. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது. பகலெல்லாம் அழுகை, அடம். இரவில் மட்டும் சத்தமே இல்லை. நல்ல குழந்தை என்று எல்லோரும் சொன்னோம்.

போன வாரம் மகள் அக்காவிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"ராத்திரி ராத்திரி வந்து நீதானேம்மா துணி மாத்துற?"

அக்கா ஓர் இரவுகூட எழுந்ததில்லை.