கோவிந்தம்மா வீட்டு ஐந்தாவது மீட்டர்

மண்ணூர் கோவிந்தம்மாவுக்குச் சொத்து என்று இருந்தது வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய நாலு ரூம்தான். புருஷன் போன பிறகு அந்த வாடகையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. குடியிருந்ததெல்லாம் கம்பெனி பஸ் பிடித்து வேலைக்குப் போகும் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே மீட்டர். கரண்டுக்கு ரூமுக்கு மாதம் நாற்பது ரூபாய்.

இரண்டாயிரத்து மூன்றில் கரண்டு விலை ஏறியது. பில்லைப் பார்த்த கோவிந்தம்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். நாற்பதை எண்பது ஆக்கினாள். விலை ஏறினால் செலவு குறையும் என்பார்கள். இங்கே நடந்தது நேர்மாறு. எண்பது கொடுத்தவன் எண்பதையும் வசூல் பண்ணாமல் விடுவானா? கரண்டு அடுப்பில் சோறு வெந்தது, ஆளில்லாத ரூமில் ஃபேன் சுற்றியது.

"ஃபேனை அணைங்கடா, பாவிங்களா!"

"அணைச்சா எண்பதுல கொறைப்பியளா அத்தை?" என்றான் முதல் ரூம் உச்சிமாகாளி.

அடுத்த பில் இன்னும் எகிறியது. வந்த ஆத்திரத்தில், காலை பத்து மணிக்கு ரூம்களின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பகலில் ரூமில் யாருக்கு என்ன வேலை என்பது அவள் நினைப்பு. நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த உச்சிமாகாளி வேர்த்து விறுவிறுத்து எழுந்து வந்தான்.

"இப்படின்னா மாசக் கடைசியில நாலு ரூமும் காலி பண்ணுதோம் அத்தை."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நான் இன்னாடா பண்ணுவேன்? பில்லு கட்டி மாளலையே!"

"ரூமுக்கு ஒரு சின்ன மீட்டர் மாட்டுங்க. ஓடுனதுக்கு நாங்க குடுக்கோம்."

காதுக் கம்மலை அடகு வைத்து மீட்டர்கள் வாங்கினாள். வீட்டுக்கும் தனியாக ஒன்று இருந்தால்தான் கணக்கு நேராகும் என்று உச்சிமாகாளி ஐந்தாவதையும் மாட்டினான்.

அந்த மாதமே கரண்டு அடுப்புகள் பரணுக்குப் போயின. பல் துலக்கப் போகிறவன்கூட ஃபேனை அணைத்துவிட்டுப் போனான். இரண்டு மாதம் கழித்து எல்லாரும் கூடி நின்று மீட்டர்களைப் பார்த்தார்கள். நாலு ரூமும் சேர்ந்து ஓடியதைவிட ஐந்தாவது அதிகம் ஓடியிருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பி வழிவது தெரியாமல் டி.வி. நாடகம் பார்த்து அழுதுகொண்டிருந்தது கோவிந்தம்மாதானே!

அவளுக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

"திருடனை வூட்லயே வெச்சிக்கினு, இம்மா நாளா உங்களைப் போட்டுக் கத்திக்கினு இருந்தேனேடா!"

ரூம் எதுவும் காலியாகவில்லை. ஆறு மாதத்தில் கம்மலும் காதுக்குத் திரும்பியது. இப்போதெல்லாம் நாடகம் சூடுபிடிக்கிற நேரத்தில், தூங்கி எழுந்த உச்சிமாகாளி ஜன்னல் வழியே குரல் கொடுப்பான்: "அத்தை, மோட்டார்!"

டி.வி.யில் மருமகள் அழுவதை அப்படியே விட்டுவிட்டு கோவிந்தம்மா எழுந்து ஓடுவாள்.